பட்டுப் போர்த்திய குளிர்ப்பெட்டி

அன்று விடியற்காலையில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்தாம். என் தம்பி ஐயாசாமி. அவன் மனைவி கோவிந்தம்மா. அவர்கள் மகள் பொன்னம்மா, வயது பத்து. எங்கள் கடைசித் தம்பி மருதை. பக்கத்து வீட்டு ஜிசெல். கேட்டுக்கு வெளியே, சைக்கிளோடு பால்காரர் சின்னன். பிறகு நான், பொன்னம்மாவின் பெரியப்பா.

ஏழு பேர். எட்டாவது ஆள் இல்லை. தாங்களும் அங்கே இருந்ததாக எங்கள் தீவு ஊரான ரோஸ் ஹில்லில் பிற்பாடு பலர் சொன்னார்கள். அவர்களில் ஒருவரும் அங்கே இருக்கவில்லை.

அது 1958ஆம் ஆண்டு, தைப்பூசக் காவடி நாள். ஆனால் கதை அதற்கு எட்டு நாள் முன்னாலேயே ஒரு லாரியில் வந்து இறங்கிவிட்டது.

லாரியில் வந்தது ஒரு குளிர்ப்பெட்டி. இப்போது எல்லார் வீட்டிலும் ஃபிரிட்ஜ் இருக்கிறது. அன்று எங்கள் தெருவில் அதுதான் முதல். ஆள் உயரம், பால் வெள்ளை நிறம், வெள்ளிபோல் மின்னும் கைப்பிடி. நான்கு பேர் தூக்கி வந்து முன்னறையில் ஜன்னலோரம் வைத்தார்கள்.

"சமையலறையில வைக்கலாமே," என்றாள் கோவிந்தம்மா.

"சமையலறையில வெச்சா தெருவுல போறவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான் ஐயாசாமி.

அவன் சொன்னது சரி என்றுதான் எனக்கும் பட்டது.

பெட்டியைப் பார்க்க எல்லாரும் வந்தார்கள். பொன்னம்மா மட்டும் அதைக் கேட்க வந்தாள்.

மதிய வெயிலில் வீடு முழுவதும் உறங்கும் நேரத்தில், அவள் குளிர்ந்த சிமென்ட் தரையில் படுத்து, பெட்டியின் பக்கத்தில் காதை வைத்துக்கொள்வாள். உள்ளே ஏதோ 'ம்ம்ம்ம்' என்று பாடிக்கொண்டிருக்கும். பவளப்பாறைக்கு அப்பால் கடல் முழங்குவதுபோல. அது வந்த கப்பலின் ஓசை இன்னும் அதற்குள்ளேயே தங்கிவிட்டதுபோல.

கதவைத் திறந்தால் சின்ன விளக்கு எரியும். வெள்ளை மூச்சு ஒன்று வெளியே வந்து அவள் பாதங்களில் விழும். அந்தப் பெட்டிக்குள் ஒரு சிறிய நாடு இருப்பதாகவும், அங்கே எப்போதும் விடியற்காலைதான் என்றும் அவள் நினைத்தாள்.

"பெரியப்பா, கதவைச் சாத்தினா அந்த விளக்கு முழிச்சிருக்குமா, தூங்குமா?"

"விளக்கு தூங்காது. பெண்பிள்ளை தரையில் படுக்கக் கூடாது. எழுந்திரு," என்றேன்.

அவள் எழுந்திருப்பாள். நான் போனதும் மறுபடி படுத்துக்கொள்வாள். இப்படியே ஒரு வாரத்துக்குள் பெட்டியின் மூச்சை அவள் மனப்பாடம் செய்துவிட்டாள். கோயில் பள்ளியில் கற்ற முருகன் பாட்டை ஒருமுறை பாடி முடிக்கும் வரை பெட்டியும் பாடும். பிறகு 'டக்' என்று நிறுத்தி, இரண்டு பாட்டு நேரம் தூங்கும். மறுபடி விழிக்கும்.

"அதுக்கும் எனக்கும் ஒரே பாட்டுதான் தெரியும்," என்று தன் சித்தப்பா மருதையிடம் சொன்னாள்.

மருதை அந்த ஆண்டு காவடி எடுப்பதாக நேர்ந்திருந்தான். முந்தைய ஆண்டு பொன்னம்மாவுக்கு விஷக்காய்ச்சல் வந்து இருபத்தொரு நாள் கண் திறக்கவில்லை. "பிள்ளை எழுந்து நடந்தா காவடி எடுக்கிறேன், முருகா," என்று வேண்டிக்கொண்டவன் அவன்.

அது எவ்வளவு பெரிய வேண்டுதல் என்று எங்கள் தெருவுக்குத் தெரியும். மருதைக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது. காவடிக்குப் பத்து நாள் விரதம். மீன் இல்லை, முட்டை இல்லை, ஒன்றும் இல்லை.

"மருதை, இன்னிக்கு எங்க வீட்டுல உப்பு மீன் ருகாய்!" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தக்காளிக் குழம்பின் பெயரைச் சொல்லிச் சீண்டுவாள் ஜிசெல். அவள் பேசுவது முழுக்கக் கிரியோல், பிரெஞ்சு கலந்த எங்கள் தீவு மொழி. எங்கள் வீட்டில் பாதி கிரியோல், பாதி தமிழ்; அத்தை என்பதற்குத் 'தாந்தின்'தான்.

"அயோ, தாந்தின் ஜிசெல்! காத்து இந்தப் பக்கம் அடிக்குது, சட்டியை மூடுங்க!" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவான் மருதை.

"ஜாக்கிரதை தம்பி, வாசனையிலேயே பால் திரிஞ்சிடப் போகுது," என்று சிரிப்பாள் கோவிந்தம்மா.

சிரித்தாலும் அது விளையாட்டு அல்ல. காவடியின் இரண்டு பக்கமும் பித்தளைச் சொம்புகளில் காய்ச்சாத பால் கட்டுவோம். வெயிலில் வெறுங்காலோடு ஆற்றங்கரையிலிருந்து மலையடிக் கோயில் வரை நடப்போம். அங்கே எல்லார் கண்முன்னும் அந்தப் பாலை முருகனுக்கு ஊற்றுவார்கள். பால் திரியாமல் வெள்ளையாக விழுந்தால் விரதம் சுத்தம். திரிந்திருந்தால், விரதத்தில் ஏதோ குறை என்று பேச்சு எழும். மருதை விஷயத்தில் என்ன பேசுவார்கள் என்று சொல்ல வேண்டியதே இல்லை. 'மீன் சாப்பிட்டிருப்பான்.'

மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டுச் சொம்பில் பால் திரிந்ததில்லை. மூன்று தலைமுறையாகக் காவடியன்று விடியும் முன்பே பால்காரர் வந்து, கறந்த சூடு ஆறாத பாலைத் தருவார். இப்போது வருபவர் சின்னன்.

அந்த ஆண்டு காவடிக்கு முதல் நாள் காலையிலேயே சின்னனிடம் பாலை வாங்கிக்கொண்டான் ஐயாசாமி.

"நாளைக்கு வர வேண்டாம், சின்னன். பெட்டி இருக்கு. ராத்திரி முழுக்கப் பால் பாலாவே இருக்கும்."

சின்னன் கேட்டுக்கு வெளியே நின்றபடி ஜன்னல் வழியாகப் பெட்டியைப் பார்த்தார்.

"பெரிய சாமான்தான், அண்ணே. ஆனா என் பசுவுக்கு ஒரு வசதி. அதுக்கு ஸ்விட்ச் கிடையாது."

"காலம் மாறுது, சின்னன். பசுவோடேயே நின்னா முடியுமா?" என்றேன் நான்.

அவர் தலையை ஆட்டிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார். அவர் முகம் சுருங்கியதைப் பொன்னம்மா பார்த்தாள். உள்ளே ஓடி, பெட்டியிலிருந்து இரண்டு ஐஸ் துண்டுகளை எடுத்து ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டு, தெருவில் துரத்திப் போய்க் கொடுத்தாள்.

"சின்னன் மாமா, குடிங்க. இது அந்த நாட்டுத் தண்ணி."

"எந்த நாட்டு?"

"பெட்டிக்குள்ள இருக்கிற நாடு."

சின்னன் ஒரு வாய் குடித்தார். பல்லைப் பிடித்துக்கொண்டார். "ஆத்தாடி! உன் நாட்டுல பல்லு வெச்சவங்க யாரும் இருக்க மாட்டாங்க போலிருக்கே!"

அவர் சிரித்தபடி போனார்.

நேர்ந்துகொண்ட பால் பெட்டிக்குள் வந்துவிட்டது. இனி அது வெறும் பெட்டி அல்ல. அதை மரியாதையோடு வைப்பதுதான் முறை. கோவிந்தம்மா அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். மருதை பூமாலை போட்டான். தூசியும் கண்ணும் படாமலிருக்க, எங்கள் அப்பாவின் அரக்கு நிறப் பட்டு ஒன்றை எடுத்து, பெட்டியின் தலையிலிருந்து முதுகு வரை யாரோ போர்த்தினார்கள். பிறகு அதைச் சுவரோடு சுவராக நெருக்கித் தள்ளி வைத்தார்கள்.

யாரோ என்று எழுதிவிட்டேன். நான்தான்.

பார்க்க மிக நன்றாக இருந்தது. அன்று காலை முழுவதும் விருந்தினர் வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் கதவைத் திறந்து காட்டினோம். ஜிசெல் மட்டும் மூன்று முறை திறந்து, மூன்று முறையும் விளக்கைப் பார்த்து "போன்ழூர்!" என்று வணக்கம் சொன்னாள்.

மதியம் எல்லாரும் களைத்து உறங்கினோம். ஜன்னலுக்கு வெளியே கொடுக்காப்புளி மரத்தின் நிழல்கூட அசையவில்லை. தூரத்தில் மலை, வெயிலில் கரைந்த நீலமாகத் தெரிந்தது. பொன்னம்மா தரையில் படுத்துக் காதை வைத்தாள்.

பெட்டி பாடிக்கொண்டிருந்தது. அவளும் மனதுக்குள் பாடினாள். அவள் பாட்டு முடிந்தது. பெட்டி நிறுத்தவில்லை. இரண்டாம் முறை பாடினாள். மூன்றாம் முறை பாடினாள். பெட்டி மூச்சு வாங்குவதுபோல் ஒரு நடுக்கம் நடுங்கியது. 'டக்.'

அமைதி.

இரண்டு பாட்டு. நான்கு பாட்டு. உள்ளே ஏதோ எழுந்திருக்க முயன்று முனகியது. மறுபடி 'டக்.' ஆறு பாட்டு. அந்த மதியத்தில் உலகமே எங்கோ போய்விட்டதுபோல் இருந்தது. கடல் இல்லை. கப்பல் இல்லை.

அவள் பட்டுக்குள் கையை விட்டாள். பெட்டியின் முதுகு, காய்ச்சலில் கிடக்கும் குழந்தையைப்போல் கொதித்தது.

"அப்பா! அப்பா! பெட்டி மூச்சு விடல!"

ஐயாசாமி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். கதவைத் திறந்தான். விளக்கு எரிந்தது.

"எரியுதே! நல்லாத்தானே இருக்கு?"

"விளக்கு எரியுது, அப்பா. பாட்டைக் காணோம்."

"பாட்டா? கடல் தாண்டி வந்த மெஷின்மா. அதுக்குத் தெரியும்."

"பெரியப்பா," என்று என்னிடம் வந்தாள். "அதுக்கு வேர்க்குது. அந்தப் பட்டை எடுத்துடலாமா?"

"நேர்ந்த பாலுக்குப் போர்த்தியதை நடுவில் எடுக்கக் கூடாது," என்றேன். "நல்ல நாளும் அதுவுமாக வாயை வைக்காதே."

அவள் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் காதை மூட முடியவில்லை. கொல்லையில் மருதை காவடியில் மயிலிறகு கட்டிக்கொண்டு, பசியை மறக்க விசிலடித்துக்கொண்டிருந்தான். பத்து நாளில் அவன் முகம் பாதியாகியிருந்தது. நாளைக்கு அத்தனை பேருக்கு முன்னால் பால் கட்டியாக விழுந்தால்? 'மீன் சாப்பிட்டிருப்பான்' என்று சிரித்தால்? தனக்காக நடக்கப்போகிறவனைப் பார்த்து ஊர் சிரித்தால்?

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

சின்னன் வீடு கரும்புத் தோட்டத்து ஓரம். வழி நெடுக, எங்கள் தீவில் தை மாதக் கோடையில் பூக்கும் மே மரங்களின் சிவப்புப் பூக்கள் உதிர்ந்து கிடந்தன. அவள் தலைக்கு இரண்டு மடங்கு உயரத்தில் கரும்பு 'ம்ம்ம்' என்று அசைந்தது. தொலைந்துபோன பாட்டு இங்கே வந்து ஒளிந்துகொண்டதோ என்று ஒரு கணம் நின்று கேட்டாள். பிறகு நடந்தாள்.

சின்னன் செவலைப் பசுவுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார்.

"யாரு, ஐஸ் நாட்டு ராணியா? அப்பா அனுப்பினாரா?"

"இல்ல மாமா. நானாத்தான் வந்தேன்." அவள் கால் விரலால் மண்ணைக் கீறினாள். "காலையில எங்க வீட்டுல உங்களை வர வேண்டாம்னு சொன்னது... எனக்கு நல்லா இல்ல."

சின்னன் புல்லைக் கீழே வைத்தார்.

"எங்க பெட்டிக்கு உடம்பு சரியில்ல, மாமா. விளக்கு எரியுது, அதனால யாரும் நம்பல. நாளைக்குச் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் பால் கிடைக்குமா?"

"நாளைக்காலைப் பால் எல்லாம் பேசியாச்சேம்மா. பதினோரு வீட்டுச் சொம்பு."

பொன்னம்மா செவலைப் பசுவின் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றாள். பசு அவள் கையை நக்கியது.

சின்னன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து மனைவியிடம் ஏதோ கேட்டார். உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "அதுக்கென்ன? பிள்ளைக்காக எடுக்கிற காவடிதானே. குடுங்க."

"என் வீட்டுக்காரியும் நாளைக்குப் பால்சொம்பு எடுக்கிறா," என்றார் சின்னன். "அவளுக்குன்னு இந்தச் செவலைப் பாலை ஒதுக்கி வெச்சிருந்தோம். தாராளமா கறக்கும். பாதி உங்களுக்கு."

"பெட்டிப் பால் நல்லா இருந்துட்டா?"

"இருந்தா சந்தோஷம். டீ போட்டுக் குடிச்சிட்டுப் போறேன். நீ குடுத்த ஐஸுக்கு என் பல்லு இன்னும் சூடு கேக்குது."

மறுநாள், கிழக்கு வெளுக்கும் முன்பே எல்லாரும் குளித்து, காவடிக்குரிய இளஞ்சிவப்பு உடையில் முன்னறையில் நின்றோம். ஜிசெல் தன் தோட்டத்துச் செம்பருத்திகளை ஒரு கூடை நிறையக் கொண்டுவந்திருந்தாள். நான் பட்டை எடுத்து மடித்தேன். ஐயாசாமி கற்பூரம் காட்டிக் கதவைத் திறந்தான்.

விளக்கு எரிந்தது. புளித்த வாசனை வந்தது.

கோவிந்தம்மா பாத்திரத்தை வெளியே எடுத்தாள். பால் மேலே கட்டியாகவும் கீழே நீராகவும் பிரிந்து நின்றது.

மருதைதான் முதலில் பேசினான். மிக மெதுவாக.

"நான் மீன் சாப்பிடல, அண்ணே."

"தெரியும்டா," என்றான் ஐயாசாமி.

"வாசனை பிடிச்சேன். அது உண்மை. சாப்பிடல."

"அயோ, மருதை!" என்று ஜிசெல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே என் வீட்டுல உப்பு மீனே கிடையாது!"

அப்போது தெருவில் சைக்கிள் மணி இரண்டு முறை ஒலித்தது.

பொன்னம்மா எல்லாருக்கும் முன்னால் ஓடினாள். கேட்டுக்கு வெளியே சின்னன். கைப்பிடியில் தொங்கிய பால் கேனிலிருந்து லேசாக ஆவி எழுந்தது.

"நீங்க வர வேண்டாம்னு சொன்னீங்க, அண்ணே. நானா வரல," என்றார் சின்னன். "பொன்னம்மா கூப்பிட்டா. வந்தேன்."

ஐயாசாமி இறங்கிப்போய், தெருவில் விழித்திருந்த அத்தனை ஜன்னல்களுக்கும் முன்னால், அவரைப் பார்த்துக் கை கூப்பினான்.

எங்கள் வீட்டுக்கு ஒரு பெரிய இரும்புக் கேட் உண்டு. கல்யாணத்துக்கும் காவடிக்கும் மட்டும்தான் அதன் இரண்டு கதவையும் திறப்போம். பால்காரர் எப்போதும் வெளியேதான் நிற்பார். காவடி கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. நான் போய் இரண்டு கதவையும் திறந்தேன்.

"உள்ளே வாங்க, சின்னன்," என்றேன். "முன்வாசல் வழியா வாங்க."

பால் சொம்புகளில் இறங்கும் ஓசையைக் கேட்டபடி பொன்னம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

பிறகு நடந்ததெல்லாம் வெயிலும் உடுக்கையும் மயிலிறகும்தான். சூடான தாரில் மருதை வெறுங்காலோடு நடந்தான். அவன் நிழலுக்குள் நிழலாகப் பொன்னம்மா நடந்தாள். வழியில் ஜிசெல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி அவர்கள் பாதையைக் குளிர வைத்தாள். மலையடிக்குப் போய்ச் சேரும்போது உச்சி வெயில். சொம்பின் வாயில் கட்டிய துணியை அவிழ்த்தார்கள். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

பால் வெள்ளையாக, ஒரு நூல்போல அறுபடாமல் விழுந்தது.

"அரோகரா!" என்றது கூட்டம். மருதை திரும்பிப் பொன்னம்மாவை மட்டும் பார்த்தான். சின்னன் வீட்டுக்காரியின் சொம்பிலும் அதே பால் அப்படியே விழுந்தது.

இரண்டு நாள் கழித்து, பெட்டியை விற்ற கடையிலிருந்து மெக்கானிக் ரொலான் வந்தான். பெட்டியை முன்னால் இழுத்து முதுகைப் பார்த்தான். சுவரைத் தடவினான்.

"இதுக்கு ஏதாவது போர்த்தி வெச்சிருந்தீங்களா?"

எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். "நான் போர்த்தினேன்," என்றேன்.

"மேசியே," என்றான் அவன் மிகப் பணிவாக, "இது குளிரை உண்டாக்கும். இதுக்குக் குளிராது. உள்ளே இருக்கிற சூட்டை முதுகு வழியாத்தான் வெளியே விடும். போர்வைக்குள்ள மூச்சு முட்டிப்போச்சு."

"நான் சொன்னேனே," என்று யாரும் சொல்லவில்லை. பொன்னம்மாவுக்கு வேறு கேள்வி இருந்தது.

"கதவைச் சாத்தினா விளக்கு தூங்குமா?"

ரொலான் சட்டத்தின் ஓரத்தில் இருந்த ஒரு சிறு பொத்தானைக் காட்டினான். விரலால் அமுக்கினான். விளக்கு அணைந்தது. விட்டான், எரிந்தது.

"கதவு இதை அமுக்கும். உடனே தூங்கிடும்."

"விளக்கு தூங்காதுன்னு பெரியப்பா சொன்னாரே!"

"அதையும் திருத்திக்கொள்," என்றேன்.

பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தோம். அது சற்று யோசித்தது. பிறகு 'ம்ம்ம்ம்' என்று தொடங்கியது. பொன்னம்மா தரையில் படுத்துக் காதை வைத்தாள். நான் அவளை எழுந்திருக்கச் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு காவடிக்குள் எங்கள் தெருவில் இன்னும் மூன்று வீடுகளில் குளிர்ப்பெட்டி வந்துவிட்டது. அந்த வெயிலிலும் மருதையின் சொம்புப் பால் திரியாமல் இருந்ததற்குக் காரணம், அது இரவெல்லாம் எங்கள் பெட்டிக்குள் இருந்ததுதான் என்று ரோஸ் ஹில்லில் இன்றுவரை சொல்கிறார்கள்.

பொய். அந்தப் பாலில் ஒரு சொட்டுகூடப் பெட்டிக்குள் இருக்கவில்லை. அது சின்னன் வீட்டுச் செவலைப் பசுவின் பால். கேட்டு வாங்கியவள் பொன்னம்மா.